கரி பஸ்ஸில் ஏறிக் கணவாயில் இறங்கியவர்களுக்கு

பஸ்ஸுக்கு அடுப்பு மூட்டுகிறவனைப் பார்த்து யாரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. வண்டி ஓடினால் டிரைவர் கெட்டிக்காரர், நின்றால் நான் சோம்பேறி. கம்பத்திலிருந்து மதுரைக்குப் போகிற கரி பஸ்ஸில் நான்தான் அடுப்புக்காரன். உலகச் சண்டை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போயிற்று. போடிக்குப் போன ரயிலின் தண்டவாளத்தையும் சண்டைக்கு வேண்டுமென்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் எங்கள் முதலாளி பஸ்ஸின் பின்பக்கம் வலது ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பை மாட்டினார். அதில் கரியைக் கொட்டி, நெருப்பு வைத்து, கைப்பிடி போட்ட காற்றாடியை வேர்க்க வேர்க்கச் சுற்றினால் ஒரு வாயு கிளம்பும். அதில்தான் வண்டி ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது ஒரு மரியாதைக்கு.

நீங்களும் அதில் வந்திருப்பீர்கள். ஆண்டிபட்டி தாண்டிக் கணவாய் ஏற்றத்தில் வண்டி முனகி நின்றதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளியிருப்பீர்கள். தள்ளும்போது என்னைத் திட்டியதும் என் காதில் விழுந்தது.

நான் மூணாவது ஃபாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பு வராமல் இல்லை. விறகு எரிந்தால் என்ன ஆகும் என்று வாத்தியார் கேட்டார், சாம்பலாகும் என்றோம். ஒரு கட்டு விறகுக்கு ஒரு கைச் சாம்பல்தானே வருகிறது, மிச்சம் எங்கே போகிறது என்று நான் கேட்டேன். அது பரீட்சைக்கு வராது என்றார். பரீட்சைக்கு வராத விஷயங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால் கிளம்பி வந்துவிட்டேன். எனக்கு வண்டி ஓட்டப் பழக வேண்டும். அதற்கு முதலாளி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "ஏலே சுருளி, கணவாயில ஜனம் இறங்காம வண்டிய ஏத்திக் காட்டு. டிரைவர் பக்கத்துல உக்கார வச்சுப் பழக்கச் சொல்றேன். தைக்குள்ள ஏறலைன்னா உங்க அப்பாகூட வயலுக்குப் போயிரு."

புகைதானே

வீரபாண்டியில் கோழிக் கூடையோடு ஏறிய ஓர் அம்மாள் கடைசி இருக்கையில் உட்கார்ந்து அடுப்பையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "ஏப்பா, இதுக்குள்ள என்ன கொதிக்குது?" என்று கேட்டார். கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். அதனால் ஒழுங்காகச் சொன்னேன். ஒன்றும் கொதிக்கவில்லை. கரி முழுசாக எரிந்துவிடக் கூடாது என்று காற்றைக் குறைத்து விடுகிறோம். பாதி எரிந்த கரியிலிருந்து ஒரு வாயு வருகிறது. அது குழாய் வழியாகப் போய், சல்லடையில் தூசி நீங்கி, எஞ்சினுக்குள் புகுந்து மிச்சப் பாதியும் எரிகிறது. அந்த உதையில்தான் சக்கரம் சுற்றுகிறது. ஆக, அடுப்பு வெளியே, எரிவது உள்ளே.

அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கோழியும் கேட்டது. அரைமைல் போனபின் சொன்னார்: "எங்க வீட்டுலயும் கல்யாணம் ஆன நாளா பாதிப் பாதியாத்தான் எரியுது. வீடு ஒரு சாண் நகரலையே."

பச்சை மட்டை

சின்னமனூர் தாண்டிக் கரி தீர்ந்துபோன ஒரு நாள், வண்டியில் இருந்த ஒரு மிராசுதார், "விறகுல இருந்துதானே கரி வருது, நேரா விறகையே போட வேண்டியதுதானே" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் டிரைவர் மூக்கையா அண்ணன் வேண்டாம் என்றார். ஜனம் அவசரப்பட்டது. தோப்பில் கிடந்த தென்னை மட்டையையும் விறகையும் வெட்டிப் போட்டேன். வண்டி கிளம்பியது. மிராசுதார் மீசையைத் தடவினார்.

தேனி வருவதற்குள் எஞ்சின் இருமி நின்றது. திறந்து பார்த்தால் உள்ளே தார் மாதிரி பிசின் அப்பிக் கிடக்கிறது. அப்போதுதான் எனக்கு விளங்கியது: மூட்டம் போட்டுக் கரி சுடுகிறவர்கள் நாள்கணக்கில் காத்துக் கிடப்பது வீணுக்கு இல்லை. விறகில் இருக்கிற ஈரத்தையும் பிசினையும் புகையாக வெளியே விரட்டிவிட்டு, எரிகிற சத்தை மட்டும் நமக்குத் தருகிறார்கள். அந்த அழுக்கை நான் எஞ்சினுக்கு ஊட்டியிருக்கிறேன். மூக்கையா அண்ணன் பொழுதெல்லாம் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தார். என்னைத் திட்டவில்லை. மிராசுதாரைப் பார்த்துத்தான் சொன்னார்: "கைப்பிள்ளைக்கு முறுக்கைக் குடுத்தாச்சு. இனி கழியுற வரைக்கும் எல்லாரும் உக்காந்திருங்க."

மணமில்லாத பேய்

கரி எரிந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க, மேல்மூடியைத் திறந்து தலையை உள்ளே நீட்டினேன். புகை ஒன்றும் இல்லை, வாடையும் இல்லை. அதனால் நன்றாகவே நீட்டினேன். நெற்றிப்பொட்டில் யாரோ உளி வைத்த மாதிரி இருந்தது. அடுத்து நினைவு வந்தபோது ரோட்டோரம் புளிய மரத்தடியில் கிடக்கிறேன், முகமெல்லாம் திருநீறு. உத்தமபாளையத்தில் ஏறிய பூசாரி ஒருவர் வேப்பிலையால் அடித்துக்கொண்டிருக்கிறார்.

மூக்கையா அண்ணன் வந்து அவரைத் தள்ளிவிட்டு, காற்று வருகிற பக்கமாக என்னை இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தேன். கரி அரைகுறையாக எரிந்தால் வருகிற வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, ஆளைக் கொன்றுவிடும் என்று அடுப்பு மாட்ட வந்த மெக்கானிக் முன்பே சொல்லியிருந்தாராம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. வண்டியை ஓட்டுகிறதும் அதுதான், ஆளைச் சாய்க்கிறதும் அதுதான் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்: மார்கழிக் குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். பூசாரி மட்டும் தோற்றுப்போன மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "பேய்ன்னா வேப்பிலைக்கு அடங்கும். இது காத்துக்குத்தான் அடங்குது. அப்ப இது பேய்க்கு மூத்தது" என்றார்.

சாம்பலுக்கு வந்த சண்டை

அடுப்பின் அடியில் சேரும் சாம்பலைச் சின்னமனூரில் கொட்டுவேன். கொஞ்ச நாள் யாரும் சீந்தவில்லை. பிறகு ஒரு வாழைத்தோட்டக்காரர் கூடையோடு வந்து நின்றார். அடுத்த வாரம் பாத்திரம் விளக்க என்று ஓர் அக்காள் சட்டியோடு வந்தாள். சாம்பலோ கொஞ்சம்தான். மூட்டை மூட்டையாகக் கரி போனாலும் வருவது ஒரு கூடைதான். வாத்தியாரிடம் நான் அன்றைக்குக் கேட்டது இதைத்தான். மிச்சமெல்லாம் காற்றோடு போய்விடுகிறது என்று இப்போது நானே கண்டுபிடித்திருக்கிறேன். மரம் மண்ணிலிருந்து உறிஞ்சியது மட்டும்தான் சாம்பலாக நிற்கிறது. அதனால்தான் அது வாழைக்கு உரமாகிறது. இதைச் சொன்னதும் தோட்டக்காரர், "பாத்தியா, பையனே சொல்லிட்டான், மண்ணோடது மண்ணுக்கு" என்று கூடையை நீட்டினார்.

அந்த அக்காள் கூடையைத் தள்ளிவிட்டுச் சட்டியை வைத்தாள். "உங்க வாழை ஆடிக் காத்துக்குச் சாயும். என் பானை எந்தக் காத்துக்கும் சாயாது. எதுக்குப் போட்டா நிக்கும்னு நீங்களே சொல்லுங்க மாமா."

நனைந்த கூரை

ஆவணியில் கம்பத்தில் சாரல் பிடித்தால் விடாது. மேற்கு மலையைத் தாண்டி வருகிற மழை, நூலாக இறங்கிக்கொண்டே இருக்கும். கூரை மேல் இருந்த கரி மூட்டைகள் நனைந்துவிட்டன. ஈரக் கரியில் வாயு வராது, நீராவிதான் வரும். அடுப்பில் ஏற்கெனவே போட்டிருந்த காய்ந்த கரியில்தான் வண்டி போனது. கம்பத்தில் குடை பிடித்து ஏறியவர்கள் சின்னமனூரில் குடையை மடக்கினார்கள். தேனியில் சட்டை காய்ந்தது. ஆண்டிபட்டியில் புழுதி பறந்தது. ஒரே நாள், ஒரே பஸ், ஒரே மேகம். நான் கூரையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். மேகமெல்லாம் மேற்கு மலையிலேயே சாய்ந்து நிற்கிறது, கிழக்கே வர வர வெறும் காற்றுதான் வருகிறது. மலை ஏறும்போதே மழை பாரத்தை இறக்கிவிடுகிறது போலும். எங்கள் பஸ்ஸும் அப்படித்தானே செய்கிறது.

ஆண்டிபட்டியில் மூட்டைகளிலிருந்து தண்ணீர் ஒழுகிக் கீழே நின்றவர் தோளில் சொட்டியது. தலைச்சுமையாகத் துணிக்கட்டு வைத்திருந்த நெசவாளி அவர். மேலே பார்த்தார், வானத்தில் ஒரு மேகமும் இல்லை. என்னைப் பார்த்தார். "உங்க ஊர் மழைய இங்கன வரைக்கும் சுமந்து வந்திட்டியே தம்பி. அப்படியே எங்க கண்மாயில இறக்கி வச்சிட்டுப் போனா உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

சிரட்டைக் கரி

கணவாய் ஏற வேண்டும் என்று ஒவ்வொரு மரமாகப் பார்த்தேன். புளியங்கரி பொறி பறக்கும், சூடு நிற்காது. வேம்பு பரவாயில்லை. உசிலை சொன்னபடி கேட்கும், ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். கடைசியில் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்ட கரி அகப்பட்டது. கெட்டியான சாமான். வண்டி கணவாயில் முக்கால் பங்கு ஏறிவிட்டது. கால் பங்குக்குத்தான் நீங்கள் இறங்கினீர்கள். தேனிச் சந்தையில் கிடைத்த சிரட்டைக் கரியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறு சந்தையன்று நகை செய்கிற ஆசாரி ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கே வந்தார். அவருடைய பட்டறை அடுப்பு அணைந்து கிடக்கிறதாம். சிரட்டைக் கரி இல்லாமல் பொன் உருகாதாம். ஒரு தோப்புச் சிரட்டை பட்டறைக்கு வருஷம் முழுவதும் போதும், பஸ்ஸுக்கு ஒரு நடைக்குக்கூடப் போதாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மூட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னார்: "நான் ஒரு பிடிக் கரியில தாலி செஞ்சு குடுத்திருவேன். நீங்க தோப்பையே எரிச்சு ஒரு கணவாயை உருக்கப் பாக்குறீக."

மணி அடித்த கரி

புரட்டாசியில் ஆண்டிபட்டியில் கரி விற்கிற வெள்ளையம்மா புதுச் சரக்கு ஒன்று கொண்டுவந்தாள். அவளே மூட்டம் போட்டுச் சுடுகிறவள், அவளே வண்டி பிடித்துக் கொண்டுவருகிறவள், அவளே பேரம் பேசுகிறவள். ஒரு துண்டைக் கல்லில் தட்டிக் காட்டினாள். வெண்கலம் மாதிரி சத்தம் கேட்டது. "மத்தக் கரியவிட விலை கூடத்தான். கட்டையப் பொளக்குறவன் கையப் பாத்தா நீயும் கூடக் குடுப்ப" என்றாள். கையில் வைத்தால் கனம். இவ்வளவு கனமான கரியை நான் பார்த்ததில்லை.

அன்றைக்குக் கணவாயில் வண்டி நிற்கவில்லை. முனகவும் இல்லை. மூக்கையா அண்ணன் நம்பாமல் கியரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். உச்சிக்குப் போனதும் வண்டி முழுக்கச் சிரிப்பு. எனக்கு டிரைவர் பக்கத்து இருக்கையில் பாதி உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. தொடர்ந்து இதே மாதிரி ஏறட்டும், தையிலிருந்து பழகலாம் என்று முதலாளியும் சொல்லிவிட்டார். ஒரே ஒருவர்தான் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். உசிலம்பட்டிக்காரர், வயதானவர், ஒவ்வொரு தடவையும் கணவாயில் முதலில் இறங்கி எல்லோருக்கும் கடைசியாக ஏறுகிறவர். "ஏறுனது சந்தோசந்தேன். மனுசன் ஒதுங்குறதுக்கு அங்கன ஒரு இடம் இருந்துச்சு, அதுவும் போச்சே" என்றார்.

நத்தை

எனக்கு எதையும் சும்மா எரிக்கத் தெரியாது. அந்தக் கரியை உடைக்கும்போது, முண்டும் முடிச்சுமாக இருந்த இடுக்குகளில் மண் ஒட்டியிருந்தது. சூட்டில் வெந்து செங்கல் மாதிரி சிவந்திருந்தது. சுரண்டினேன். உள்ளே ஒரு நத்தை ஓடு, வெந்து வெளுத்துச் சுண்ணாம்பாக. இன்னொரு துண்டிலும் இருந்தது. தண்ணீரில் கிடக்கிற நத்தை அது. ஆண்டிபட்டிக் கரட்டில் வளர்ந்த மரத்துக்குள் இது எப்படி ஏறியது? அதுவும் மரத்துக்குள் ஏன் மண்?

வெள்ளையம்மாவிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. மரமே இல்லையாம், வேர்க்கட்டை. கண்மாய்க் கரையில் நிற்கிற கருவேல மரங்களை ஊரார் சில வருஷங்களுக்கு ஒரு முறை ஏலம் விடுவார்கள், ஏலம் எடுத்தவர் அடியை விட்டுவிட்டு மேலே வெட்டிக்கொள்வார் என்பது வழக்கம். இந்தத் தடவை ஏலம் எடுத்த இவள், அந்த அடியையும் தோண்டி எடுத்திருக்கிறாள். "எந்தக் கண்மாய்?" என்றேன். "உங்க அக்காளக் கட்டிக் குடுத்திருக்கிற ஊருதான். உனக்குத் தெரியுமின்னுல்ல நெனச்சேன்" என்றாள். வேரைத் தோண்டச் சொல்லி யார் சொன்னது என்று கேட்டதற்கு, சாக்கைத் தைத்துக்கொண்டே பதில் சொன்னாள்: "மரத்தை ஏலம் போட்டாக, எடுத்தேன். வேரை யாரும் விக்கவும் இல்ல, வேணாமின்னு சொல்லவும் இல்ல."

கரையில் குழி

எங்கள் அப்பாவுக்குச் சின்னமனூரில் வயல். பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்து காலைத் தொடும். அக்காளைக் கட்டிக் கொடுத்த இடம் ஆண்டிபட்டிக்குத் தெற்கே. அங்கே ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பினால் ஒரு போகம் நெல், நிரம்பாவிட்டால் வருஷம் முழுக்க வானத்தைப் பார்ப்பதுதான் வேலை. நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனேன். கண்மாயில் பாதித் தண்ணீர் நிற்கிறது. கரையின் வெளிப்பக்கம் கசிகிறது. கசிகிற இடத்துக்கு நேர் மேலே எல்லாம் குழி. ஊரார் வைக்கோலும் களிமண்ணும் திணித்துப் பனங்கட்டையை வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு குழியில் கையை விட்டேன், மண் பொலபொலவென்று வந்தது. தோண்டாமல் விட்டிருந்த கட்டையின் அடியில் விரலை விட்டேன், நகம்தான் வலித்தது. செத்த மரமென்றாலும் வேர் மண்ணை விடாது போலிருக்கிறது. அது தண்ணீரில் நின்றதற்கு நத்தை சாட்சி, கரையில் நின்றதற்குக் கரைதான் சாட்சி.

அக்காள் மண் கூடையோடு வந்தாள். மாமா நாற்றங்காலில் நெல் பாவிவிட்டாராம். கரை நின்றால் நடவு, உடைந்தால் நாற்றை மாட்டுக்குப் பிடுங்கிப் போட வேண்டியதுதான். நான் சுற்றி வளைக்கவில்லை. குழியில் இருந்த கட்டையெல்லாம் எங்கே போயிற்று என்பதையும், அது எப்படி எரிந்தது என்பதையும், எனக்கு என்ன கிடைக்கப் போகிறது என்பதையும் சொன்னேன். அவள் கூடையைக் கொட்டிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்க கரையத் தின்னுட்டுத்தான் உங்க வண்டி மலை ஏறுதாக்கும். அப்பச் சரி, மாசியில அருவாளை எடுத்துக்கிட்டு உங்க கணவாய்க்கே வாரோம், அங்கன என்ன வெளஞ்சிருக்குன்னு பாத்து அறுத்துக்கிறோம்."

முதலாளி முன்னால்

முதலாளி கெட்டவர் இல்லை, அவசரக்காரர். நானும் அவசரக்காரன்தான். நின்றபடியே சொன்னேன்: "மொதலாளி, வேர்க்கரி வேணாம். கண்மாய் உடையப் போகுது." அவர், வேறு கரியில் கணவாய் ஏறுமா என்று கேட்டார். ஏறாது என்றேன். எனக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் உபயோகப்பட்டிருக்கும். "நாம வாங்கலைன்னா அந்தம்மா வேற ஆளுக்கு விக்கும்" என்றார். வேர்க்கட்டையைப் பிளப்பது பெரும்பாடு, அதனால் விலை அதிகம், நம்மைத் தவிர யாரும் வாங்கவில்லை என்றேன். அதுவும் நிஜம்தான்.

அவர் இன்னொரு நிபந்தனை வைத்தார். நாளைக்குத் தாமே வண்டியில் வருவதாகவும், உசிலைக் கரியையே போடும்படியும், ஜனத்தில் ஒரே ஒருத்தர் இனி இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாலும் நான் அங்கேயே இறங்கி நேராக வயலுக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். சரி என்றேன். வாசல் வரைக்கும் வந்தபின் கூப்பிட்டுக் கேட்டார்: "அடுப்புல போட்டா அது கரி, கரையில நின்னா அது வேரு. ரெண்டுக்கும் நடுவுல நீ யாருடா?"

தள்ளியவர்கள்

மறுநாள் கணவாயில் பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது. சக்கரத்துக்குப் பின்னால் கல்லைப் போட்டேன். வெள்ளைச் சட்டையோடு முன்னால் உட்கார்ந்திருந்த முதலாளி திரும்பவில்லை. தேனி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், "போன வாரமெல்லாம் ஜம்முன்னு ஏறுச்சேப்பா, இன்னைக்கி என்ன வந்துச்சு?" என்றார். போன வாரம் ஆண்டிபட்டிப் பக்கம் கண்மாய்க் கரையைத் தோண்டி எடுத்த வேரை எரித்தோம், இன்றைக்கு எரிக்கவில்லை, அதனால் ஏறவில்லை, எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும் என்று சொன்னேன். இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று மூக்கையா அண்ணன் பின்னால் சொன்னார். கம்பத்து நெல்வியாபாரி ஒருவர் கோபமாகவே பேசினார்: "ஆண்டிபட்டிக் கண்மாய்க்கும் எனக்கும் என்னய்யா? எங்களுக்கு ஆத்துத் தண்ணி வருது. துட்டுக் குடுத்து ஏறுனவன் நான்."

பின் இருக்கையில் குழந்தையோடு இருந்த ஆண்டிபட்டிப் பெண் எழுந்தாள். "உங்களுக்குத் தண்ணி வருதுங்கய்யா, நல்லா இருங்க. எங்க கண்மாய் போச்சுன்னா நாங்க வேலை கேட்டு ஒங்க ஊருக்குத்தான் வருவோம், ஊரோட வருவோம். இப்ப எறங்குறீகளா, அப்ப எடம் குடுக்குறீகளா?" என்று கேட்டுவிட்டு, குழந்தையை நெல்வியாபாரியின் மடியிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். அவருக்குக் குழந்தையோடு உட்கார்ந்திருக்கவும் வெட்கம், இறங்கவும் வெட்கம். கடைசியில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி ஒரு கையால் தள்ளினார். ஜவுளிக்கடைக்காரர் தள்ளினார். உசிலம்பட்டிப் பெரியவர் ஒதுங்கிவிட்டு வந்து தள்ளினார். எல்லோரும் இறங்கியபின் முதலாளி மட்டும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வெள்ளைச் சட்டையோடு அவரும் என் பக்கத்தில் வந்து கையை வைத்தார்.

உச்சியில் வண்டி மூச்சு வாங்கி நின்றது. இனி இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேறு வண்டியும் இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் சொல்லவில்லை. முதலாளி சட்டையில் படிந்த கரியைத் தட்டப் பார்த்து, அது இன்னும் பரவியதும் விட்டுவிட்டார். "வண்டி தானா ஏறல. அதனால டிரைவர் பக்கத்து இடம் கிடையாது. ஜனம் போகல. அதனால வயலுக்கும் போக வேணாம்" என்றார். வேர்க்கரியை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். வெள்ளையம்மாவிடம் உசிலை மட்டும் கொண்டுவரச் சொல்லும்படி சொல்லிவிட்டு, வேர்த்துப்போய் நின்ற ஜனத்தை ஒரு தடவை முழுக்கப் பார்த்தார். "இத்தனை பேரு சும்மா தள்ளத் தயாரா இருக்கும்போது, நான் எதுக்குடா நல்ல கரி வாங்கணும்?"

ஆக, ஊரார் குழிகளை அடைத்து அக்காள் ஊர்க் கண்மாய்க் கரை நின்றுவிட்டது, நானும் வண்டியின் பின்னாலேயே நின்றுவிட்டேன், அடுத்த முறை நீங்கள் இறங்கினால் இடது பக்கமாக நின்று தள்ளுங்கள், வலது பக்கம் அடுப்பு சுடும்.